பார்வை எந்த வாசல் வழியே வந்தது? குறுங்காணொளி வருவாயும் மலைத்தோட்டப் பிள்ளைகளின் கணக்கும்

விடியும் முன்பே போடிநாயக்கனூரில் இருந்து முந்தல் வழியாக மலையேறும் ஜீப்புகளில் நெருக்கியடித்து அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள். அவர்களில் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டைத் தொட்டால் மாநில எல்லை. அதற்கப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பஞ்சோலை என இடுக்கி மாவட்டத்துத் தோட்டங்கள் விரிகின்றன. அதே சாலையில் வார இறுதிகளில் வேறொரு கூட்டமும் ஏறுகிறது. வளைவுகளையும் பள்ளத்தாக்கில் தங்கி நிற்கும் மேகத்தையும் அரை நிமிடக் காணொளியாக எடுத்துப் போடும் சுற்றுலாப் பயணிகள் அவர்கள்.

சாலை ஒன்றுதான். கையில் இருக்கும் கைப்பேசியும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆயினும் பயணி எடுத்த மேகக் காட்சியும், கூலி பாக்கி குறித்து ஒரு தோட்டத் தொழிலாளியின் மகள் பேசிய காணொளியும் ஒரே எண்ணிக்கையில் பார்க்கப்பட்டாலும் ஒரே தொகையை ஈட்டுவதில்லை. சில வேளைகளில் இரண்டாவது காணொளிக்கு ஒரு பைசாவும் வருவதில்லை. இதற்கான காரணத்தை யூடியூப் நிறுவனம் மறைத்து வைக்கவும் இல்லை. அதன் விதிகளிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது. நாம்தான் படிப்பதில்லை.

கல்லூரி மாணவத் தோழர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "ஒரு லட்சம் பார்வைக்கு எவ்வளவு வரும்?" என்பது. கேள்வி சிறியதாகத் தோன்றலாம். அதன்மேல் எழுப்பப்படும் முடிவுகள் சிறியவை அல்ல. தவணையில் கைப்பேசி வாங்குவது, கிடைத்த வேலையை விடுவது, ஓர் அமைப்பின் ஆண்டுச் செலவை அந்த வருமானத்தின்மேல் திட்டமிடுவது என எல்லாம் இந்த ஒரு மதிப்பீட்டில் தொங்குகின்றன. இணையத்தில் கிடைக்கும் 'வருவாய்க் கணிப்பான்கள்' பார்வை எண்ணிக்கையைப் போட்டால் ஒரு தொகையைத் துப்பிவிடுகின்றன. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், தேடலில் வந்த பார்வைக்கு இவ்வளவு, வாட்ஸ்அப் இணைப்பில் வந்த பார்வைக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியலே போட்டுக் காட்டுகிறார்கள். அப்படி ஒரு விலைப்பட்டியலை யூடியூப் வெளியிட்டதில்லை. பார்வையாளர் எந்த வழியாக வந்தார் என்ற விவரம் மிகவும் தேவையானது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அது எதற்குத் தேவை என்பதில்தான் இந்தப் பட்டியல்காரர்களோடு நாம் வேறுபடுகிறோம்.

முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

பொதுக் குவியலில் இருந்து ஒரு கைப்பிடி

2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. சேரிகளிலும் தோட்ட லயன்களிலும் இருந்து முகம் காட்டிய எத்தனையோ பேரின் கணக்குகள் ஓர் இரவில் இல்லாமல் போயின. அந்த வெற்றிடத்தில் அதே ஆண்டு செப்டம்பரில் யூடியூப் தனது ஷார்ட்ஸ் வசதியை இந்தியாவில்தான் முதலில் சோதித்துப் பார்த்தது. விளம்பர வருவாயைப் படைப்பாளர்களோடு பங்கிடும் முறை 2023 பிப்ரவரி 1 அன்று வந்தது.

வழக்கமான நீண்ட காணொளியில், உங்கள் காணொளியின்மீது ஓடும் விளம்பரத்தின் வருவாயில் 55 விழுக்காடு உங்களுடையது. ஷார்ட்ஸில் அப்படி இல்லை. விரலால் தள்ளத் தள்ள ஒன்றன்பின் ஒன்றாக வரும் காணொளி வரிசையை, அதாவது ஷார்ட்ஸ் ஃபீடை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு காணொளிகளுக்கு நடுவே ஒரு விளம்பரம் வருகிறது. அந்த விளம்பரம் முந்தைய காணொளிக்குச் சொந்தமா, பிந்தையதற்கா? எதற்கும் இல்லை. ஆகவே ஒரு மாதத்தில் அவ்வாறு ஓடிய விளம்பரங்களின் வருவாய் எல்லாம் ஒரு பொதுக் குவியலாகச் சேர்க்கப்படுகிறது. அதில் இசை உரிமையாளர்களுக்கான பகுதி பிரிக்கப்படுகிறது. ஒரு பாடல் பயன்படுத்திய காணொளியின் பார்வைகளுக்கு உரிய தொகையில் பாதியும், இரண்டு பாடல் என்றால் மூன்றில் இரண்டு பங்கும் இசைக்குப் போய்விடும். மிஞ்சியது படைப்பாளர் தொகுப்பு. அது ஒவ்வொரு நாட்டிலும், வருவாய்த் தகுதி பெற்ற சேனல்களுக்கு, அந்த நாட்டில் அவர்கள் பெற்ற பார்வைகளின் விகிதப்படி ஒதுக்கப்படுகிறது. ஒதுக்கப்பட்டதில் 45 விழுக்காடு படைப்பாளர் கைக்கு வருகிறது. மீதி நிறுவனத்துக்கு.

யூடியூப் தனது விளக்கத்தில் ஓர் எடுத்துக்காட்டு தருகிறது. ஒரு நாட்டில் 10 கோடிப் பார்வைகள், விளம்பர வருவாய் ஒரு லட்சம் டாலர், ஐந்தில் ஒரு பங்கு ஒரு பாடலைப் பயன்படுத்தியவை என்று கொண்டால், 10,000 டாலர் இசைக்குப் போக 90,000 டாலர் தொகுப்பில் நிற்கும். பத்து லட்சம் பார்வை பெற்றவருக்கு அதில் நூற்றில் ஒரு பங்கு, 900 டாலர். அதன் 45 விழுக்காடு, 405 டாலர். இது வெறும் கணக்குப் பாடம். 'பத்து லட்சத்துக்கு 405 டாலர்' என்று இதை விலையாக எடுத்துக்கொண்டவர் ஏமாந்துபோவார்.

போடியில் இதை விளக்குவது எளிது. நறுமணப் பொருட்கள் வாரியத்தின் ஏலக்காய் மின்னேலம் நடக்கும் ஊர் அது. மலைக்கு அந்தப் பக்கம் புத்தடியில் மற்றொரு ஏல மையம். கொண்டுவந்த சரக்கின் எடை தெரியும், தரம் தெரியும், கேட்கும் விலை திரையில் ஓடும். அன்றைய சராசரி விலையும் உச்ச விலையும் வெளியாகிவிடும். 2019 ஆகஸ்டில் புத்தடியில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது அந்தச் செய்தி மலை முழுக்கப் பரவியது. தோட்ட முதலாளி தன் சரக்குக்கான விலையைப் பெறுகிறார். காய் எடுக்கும் பெண்ணின் கூலியோ ஏல விலையோடு ஏறி இறங்குவதில்லை. ஷார்ட்ஸ் போடுகிறவர் தன்னை முதலாளியின் இடத்தில் வைத்துப் பார்க்கிறார். உண்மையில் அவர் இருப்பது காய் எடுப்பவரின் இடத்தில். அவருடைய காணொளிக்கு எந்த விளம்பரதாரரும் விலை கேட்கவில்லை. மொத்தக் களத்தில் அவர் எடுத்தது எத்தனை பங்கு என்று மட்டும் எடை போடப்படுகிறது. களத்தின் அளவோ மாதந்தோறும் மாறுகிறது.

தமிழில் காணொளி போடுகிறவர்கள் இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தொகுப்பு நாடுவாரியானது. மொழிவாரியானது அல்ல. கோடிக்கணக்கில் பார்க்கப்படும் இந்திக் காணொளிகளும் போடியில் இருந்து வரும் காணொளியும் இந்தியா என்ற ஒரே குவியலில்தான் பங்கு கேட்கின்றன. விளம்பரப் பணம் ஏறாமல் மொத்தப் பார்வைகள் மட்டும் பெருகினால், நீங்கள் ஒரு தவறும் செய்யாமலேயே உங்கள் ஒரு பார்வையின் மதிப்பு இறங்கிவிடும்.

எண்ணிக்கையிலேயே ஒரு மாற்றம்

2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸின் பார்வை எண்ணும் முறை மாறியது. காணொளி ஓடத் தொடங்கினாலே, மீண்டும் ஓடினாலும், ஒரு பார்வை. எவ்வளவு நேரம் பார்த்தார் என்ற வரம்பு எதுவும் இல்லை. பழைய முறைப்படியான எண்ணிக்கைக்கு 'ஈடுபாட்டுப் பார்வை' என்று பொருள்படும் புதிய பெயர் வைக்கப்பட்டது. காணொளியின் கீழே உலகம் காண்பது பெரிய எண். வருவாய்க்கும் தகுதிக்கும் எடுத்துக்கொள்ளப்படுவது சிறிய எண். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் பல இளைஞர்களின் கனவு விழுகிறது. பக்கத்து ஊர்ச் சேனலின் பார்வையைப் பார்த்து அதன் வருமானத்தைக் கணிக்கிறவர் பெரிய எண்ணைத்தான் பெருக்கிக்கொண்டிருக்கிறார்.

தகுதியின் அளவையும் சொல்லிவிட வேண்டும். விளம்பரப் பங்கு பெற ஆயிரம் சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு, கடந்த 90 நாட்களில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வைகளோ, கடந்த 12 மாதங்களில் நீண்ட காணொளிகளில் 4,000 மணி நேரப் பார்வையோ வேண்டும். ஒரு கோடி என்பது எவ்வளவு? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தேனி மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 12.46 லட்சம். கைக்குழந்தை முதல் முதியவர் வரை மாவட்டத்தில் உள்ள ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்குள் எட்டு முறை பார்க்க வேண்டும். சரி, 4,000 மணி நேரத்துக்குப் போகலாம் என்றால், ஷார்ட்ஸ் ஃபீடில் பார்க்கப்பட்ட நேரம் அந்தக் கணக்கில் சேராது. பார்வை எந்த வாசல் வழியே வந்தது என்பது வருவாய் தொடங்கும் முன்பே முடிவு செய்யத் தொடங்கிவிடுகிறது.

நமக்கு வேண்டியவர்கள் எந்த வாசலில்?

யூடியூப் ஸ்டுடியோவில் 'டிராஃபிக் சோர்ஸ்' என்ற பகுதியைத் திறந்தால் பார்வையாளர்கள் வந்த வழிகள் வரிசையாக நிற்கும். ஷார்ட்ஸ் ஃபீட், யூடியூப் தேடல், சேனல் பக்கம், வாட்ஸ்அப், முகநூல் போன்ற வெளியிடங்கள், ஒரே ஒலியைப் பயன்படுத்தும் காணொளிகளைத் தொகுக்கும் பக்கம், ஹேஷ்டேக் பக்கம், அறிவிப்புகள். அந்தப் பட்டியல் தருவது பார்வைகளையும் பார்த்த நேரத்தையும். எந்த வாசலில் இருந்து எத்தனை ரூபாய் வந்தது என்று அது பிரித்துச் சொல்வதில்லை.

இருந்தும் அந்தப் பட்டியலை நாம் கூர்ந்து படிக்கச் சொல்வது ஏன்? இந்த வாசல்களில் நிற்பவர்கள் வேறு வேறு ஆட்கள் என்பதால்தான். ஃபீட் வழியே வருபவர் நம்மைத் தேடி வரவில்லை. அவர் முன்னால் ஒரு கணிப்பொறி நம்மை நிறுத்தியிருக்கிறது. பிடிக்காவிட்டால் அரை நொடியில் தள்ளிவிடுவார். அந்தத் தள்ளலை வைத்தே அடுத்த ஆயிரம் பேருக்கு நம்மைக் காட்டுவதா என்று முடிவாகிறது. தேடல் வழியே வருபவர் சொல்லை எழுதித் தேடியவர். 2015 செப்டம்பரில் மூணாறில் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள், தொழிற்சங்கத் தலைமைகளையே ஒதுக்கிவைத்துவிட்டு 'பொம்பிளை ஒருமை' என்ற பெயரில் சாலையை மறித்து அமர்ந்தார்களே, அதைப் பற்றி ஆய்வேடு எழுதும் மாணவி தேடித்தான் வருவார். பத்தாண்டு கழித்தும் வருவார். வாட்ஸ்அப் வழியே வருபவர் பெரும்பாலும் நம் ஆள். ஜீப் நிற்குமிடத்தில், சங்கக் குழுவில், மகளிர் குழுவில் ஒருவர் அனுப்பி மற்றவர் திறந்தது. சேனல் பக்கத்தில் இருந்து வருபவர் முன்பே நம்மை அறிந்தவர்.

ஓர் உரிமைச் சேனலுக்கு இவர்களில் யார் வேண்டும்? கூட்டத்துக்கு வருபவரும் வழக்குக்குச் சாட்சி சொல்பவரும் நன்கொடை தருபவரும் பின்னிரண்டு மூன்று வாசல்களில் நிற்கிறார்கள். பணமோ ஃபீடில் ஓடும் விளம்பரங்களில் இருந்து திரட்டப்படுகிறது. பெரும்பாலான ஷார்ட்ஸுக்குப் பார்வையின் பெரும்பகுதியும் ஃபீடில் இருந்தே வருகிறது. ஆகவே வருவாயைப் பெருக்க வேண்டும் என்று உட்காரும் ஒருவர், தாம் அறியாமலேயே, தம்மைத் தேடாதவருக்காகக் காணொளி செய்யத் தொடங்குகிறார். முதல் மாதம் கூலி பாக்கி. அடுத்த மாதம் ஏலச்செடியின் அழகு. மூன்றாவது மாதம் பதினேழாவது வளைவில் இருந்து மேகம். இப்படி மாறுகிறவரைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. வயிறு எல்லோருக்கும் உண்டு. மாற்றத்தைச் செய்தது எது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஃபீட் வழியே வந்தவரை நம் பக்கம் இழுக்கும் வழியும் குறுகியதே. 2023 ஆகஸ்ட் 31 முதல் ஷார்ட்ஸின் விவரக் குறிப்பிலும் கருத்துகளிலும் போடும் இணைப்புகளைத் தட்டித் திறக்க முடியாது. குப்பை விளம்பரங்களையும் மோசடிகளையும் தடுக்க என்று காரணம் சொல்லப்பட்டது. காரணம் நியாயமானதாகவே இருக்கட்டும். நிதி திரட்டும் பக்கத்துக்கோ மனுவில் கையெழுத்திடும் பக்கத்துக்கோ அங்கிருந்து யாரையும் அனுப்ப முடியாது என்பது அதன் விளைவு. தன் சேனலின் வேறொரு காணொளிக்கு இணைப்புக் கொடுக்கும் வசதி மட்டும் உண்டு. அதை நம் தோழர்கள் பலர் பயன்படுத்துவதே இல்லை.

பார்வை உண்டு, பணம் இல்லை

எந்த வாசல் வழியே வந்தாலும் கணக்கில் சேராத பார்வைகள் சில உண்டு. பிறருடைய திரைப்படத் துண்டு, தொலைக்காட்சிச் செய்தித் துண்டு ஆகியவற்றை மாற்றமின்றி அப்படியே எடுத்துப் போட்டவை. போலியாகப் பெருக்கிய பார்வைகள். விளம்பரதாரருக்கு ஏற்றதல்ல என்று கருதப்படும் காணொளிகளின் பார்வைகள். இந்த மூன்றாவதுதான் நம்மைச் சுடுகிறது.

யூடியூபின் வெறுப்புப் பேச்சுக் கொள்கை, பாதுகாக்கப்பட்ட அடையாளங்களின் பட்டியலில் சாதியையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அது ஒரு முன்னேற்றம். மறுப்பதற்கில்லை. ஆனால் காணொளியை நீக்குவதற்கான விதி வேறு, விளம்பரம் தருவதற்கான விதி வேறு. வன்முறை, அதிர்ச்சி தரும் காட்சி, இழிசொல், துயர நிகழ்வு என்று விளம்பரதாரர் ஒதுங்க விரும்பும் வகைகளின் பட்டியல் நீளமானது. செய்தியாகவும் கல்வி நோக்கிலும் காட்டுவதற்குச் சில விலக்குகள் உண்டு. நாற்பது நொடிக் காணொளியில் அந்தப் பின்னணியை நிறுவுவது கடினம். அடிபட்டவரின் உடலைக் காட்டினால் அதிர்ச்சிக் காட்சி. அவரை அடித்தவர் சொன்ன சாதிப் பெயரைச் சொன்னால் இழிசொல். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைத் தீயில் சிக்கியவர்களைப் பற்றிப் பேசினாலும், 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண்ணில் புதைந்த எழுபது பேரைப் பற்றிப் பேசினாலும் துயர நிகழ்வு. அந்த எழுபது பேரும் தேயிலைத் தோட்டத்து லயன்களில் உறங்கிக்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். ஒடுக்குமுறையைச் செய்தவருக்கு எந்த இழப்பும் இல்லை. பதிவு செய்தவருக்கு வருவாய் இல்லை.

திரைப்பாடலைச் சேர்த்துப் போடுகிறவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. 2024 அக்டோபர் 15 முதல் ஷார்ட்ஸின் நீளம் மூன்று நிமிடம் வரை கூட்டப்பட்டது. ஒரு நிமிடத்தைத் தாண்டிய ஷார்ட்ஸில் பதிப்புரிமைக் கோரல் விழுந்தால் அந்தக் காணொளியே முடக்கப்படும். தலைவர்களின் பிறந்தநாள் தொகுப்புகள் பல இப்படித்தான் காணாமல் போகின்றன.

அப்படியானால் எப்படிக் கணிப்பது?

தகுதி பெற்ற சேனல் ஒன்று, ஊகிக்கத் தேவையில்லாத எண்களைத் தன் ஸ்டுடியோவிலேயே வைத்திருக்கிறது. கடந்த மூன்று மாத ஷார்ட்ஸ் வருவாயை நாடுவாரியாக எடுங்கள். ஒவ்வொரு நாட்டின் ஈடுபாட்டுப் பார்வையால் வகுங்கள். ஆயிரம் பார்வைக்கு இந்தியாவில் இவ்வளவு, மலேசியாவில் இவ்வளவு, கனடாவில் இவ்வளவு என்று உங்கள் சேனலுக்கே உரிய வீதம் கிடைக்கும். அடுத்தவர் வீதம் உங்களுக்கு உதவாது.

கணக்கைக் காட்டுவதற்காக மட்டும் சில எண்களைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். ஒரு காணொளிக்கு வெளியே தெரியும் பார்வை நான்கு லட்சம். ஈடுபாட்டுப் பார்வை 2,20,000. அதில் 1,98,000 இந்தியாவில் இருந்து, 22,000 வெளிநாட்டுத் தமிழர்களிடம் இருந்து. நம் சேனலின் வீதம் இந்தியாவில் ஆயிரத்துக்கு 3 ரூபாய், வெளிநாட்டில் 20 ரூபாய் என்று கொண்டால், 594 ரூபாயும் 440 ரூபாயும் சேர்ந்து 1,034 ரூபாய். பத்தில் ஒரு பங்குப் பார்வையாளர் பத்தில் நான்கு பங்குக்கும் மேலான பணத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள். நான்கு லட்சம் பேர் பார்த்தார்கள் என்று ஊரே பேசும் காணொளி, நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26 நிதியாண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட 336 ரூபாய்க் கூலியில் மூன்று நாள் கூலி.

இப்போது வாசல்களுக்கு வருவோம். அந்த 2,20,000 பார்வையில் பத்தில் ஒன்பது பங்கு ஃபீடில் இருந்து வந்தது என்று ஸ்டுடியோ சொல்கிறது எனக் கொள்வோம். அடுத்த காணொளியை ஃபீட் கையில் எடுக்காமல் போகலாம். அதற்கு யாரும் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. அப்போது மிஞ்சுவது தேடலிலும் வாட்ஸ்அப்பிலும் சேனல் பக்கத்திலும் வந்த பத்தில் ஒரு பங்கு. அவற்றுக்கும் அதே வீதம் கிடைப்பதாகத் தாராளமாக வைத்தாலும் 103 ரூபாய். ஆக, இந்தச் சேனலின் அடுத்த காணொளிக்கான நேர்மையான மதிப்பீடு 'ஆயிரம் ரூபாய்' அல்ல. 'நூறு முதல் ஆயிரம் வரை, நூற்றின் பக்கமே நம்பத்தக்கது' என்பதே. டிராஃபிக் சோர்ஸ் பட்டியலின் பயன் இதுதான். வருமானத்தில் எவ்வளவு நம் மக்களைச் சார்ந்தது, எவ்வளவு பிறர் கணிப்பொறியின் தயவைச் சார்ந்தது என்பதை அது காட்டிக்கொடுக்கும். செலவைத் திட்டமிடும்போது முதல் பகுதியை மட்டும் எழுதிக்கொள்ள வேண்டும்.

தகுதி இன்னும் பெறாதவர் எதைக் கணிப்பது? ஒன்றையும் கணிக்க வேண்டாம் என்பதே நம் கருத்து.

அதே உழைப்பைப் பத்து நிமிட நேர்காணலில் போட்டால் 55 விழுக்காடு, அந்தக் காணொளியின்மீது ஓடிய விளம்பரத்தில் இருந்து. பார்க்கப்பட்ட நேரம் 4,000 மணிக் கணக்கிலும் சேரும். தேடல் வாசலில் அது ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஷார்ட்ஸை அந்த நேர்காணலுக்கு வழிகாட்டும் பலகையாக வைத்தால் போதும். நீண்ட காணொளியும் பெரிய பணம் தந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. விளம்பர விதிகள் அங்கேயும் இதே விதிகள்தான்.

விளம்பரத்தை நம்பி ஒடுக்கப்பட்டோரின் ஊடகம் நின்றதற்கு வரலாற்றிலும் சான்று குறைவு. 1907 ஜூன் 19 அன்று பண்டிதர் அயோத்திதாசர் தொடங்கிய இதழ் தன் விலையையே பெயராக்கி 'ஒரு பைசாத் தமிழன்' என்று வந்தது. கொடுத்தவர் வாசகர். 1920 ஜனவரி 31 அன்று அண்ணல் அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதற்கான விளம்பரத்தை வெளியிட மறுத்தது திலகரின் 'கேசரி'. விளம்பரப் பலகையில் நமக்கு இடமில்லை என்பது புதிய செய்தி அல்ல.

யார் பெயரில் கணக்கு?

இறுதியாக, பலரும் கேட்காமல் விட்டுவிடும் ஒரு செய்தி. பணம் கைக்கு வருவது ஆட்சென்ஸ் கணக்கு வழியாக. அது பதினெட்டு வயது நிறைந்த ஒருவரின் பெயரில் இருக்க வேண்டும். வங்கிக் கணக்கும் வரிக் கணக்கும் அவர் பெயரில்தான். அமெரிக்காவில் இருந்து வந்த பார்வைகளின் வருவாயில் அந்நாட்டு வரி பிடிக்கப்படும். வரிப் படிவத்தை நிரப்பி இரு நாட்டு ஒப்பந்தச் சலுகையைக் கோரினால் அந்தப் பகுதியில் மட்டும் 15 விழுக்காடு. படிவமே தராவிட்டால் உலகம் முழுவதில் இருந்தும் வந்த மொத்த வருவாயில் 24 விழுக்காடு வரை பிடிக்கலாம். படிவம் ஐந்து நிமிட வேலை. அலட்சியத்தால் நான்கில் ஒரு பங்கை இழக்க வேண்டியதில்லை.

கணக்கில் 100 டாலர், அதாவது எட்டாயிரம் ரூபாய்க்கும் மேல் சேர்ந்தால்தான் பணம் அனுப்பப்படும். மேலே கண்ட கற்பனைக் கணக்கின்படி நான்கு லட்சம் பார்வை பெற்ற காணொளிகள் எட்டாவது வேண்டும். அதற்கு முன்பே, 10 டாலர் சேர்ந்தவுடன், முகவரியை உறுதிசெய்ய ஓர் இரகசிய எண் அஞ்சலில் வரும். மின்னஞ்சலில் அல்ல, தபால்காரர் கையில். நாம் முன்பு சொன்ன ஜீப்பில் போகும் பெண்கள் நால்வர் சேர்ந்து ஒரு சேனல் நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் ஆறு நாள் பகலில் அவர்கள் மலையில் இருப்பார்கள். தோட்ட லயனில் தங்குகிறவராக இருந்தால் முகவரி தோட்டத்தின் முகவரி. கடிதம் முதலில் போய்ச் சேருவது அலுவலகத்துக்கு. கூலி பாக்கியைப் பற்றிக் காணொளி போட்டவருக்கு வரும் கடிதம் அது. எனவே எளிதான வழியாக, கீழே ஊரில் இருக்கும், ஆங்கிலம் தெரிந்த ஒரு தம்பியின் பெயரில் கணக்குத் திறக்கப்படும். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் சட்டப்படி அந்த வருவாய் முழுவதும் அவருடையது. பேசிய நான்கு பெண்களின் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது.

முதல் காணொளியை ஏற்றும் முன்பே, கணக்கு யார் பெயரில், கடிதம் எந்த முகவரிக்கு, வந்த தொகை எப்படிப் பிரியும், சேனலின் கடவுச்சொல் யார் யாரிடம் என்பதை ஒரு தாளில் எழுதி நால்வரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளட்டும். கடிதம் வரவில்லை என்றால் மறுபடி கேட்டுப் பெறலாம். முதல் கடிதம் அனுப்பப்பட்ட நாளில் இருந்து நான்கு மாதத்துக்குள் அந்த எண்ணைப் பதிவு செய்யாவிட்டால், சேர்ந்த பணம் அங்கேயே நிற்கும்.